கேம் கடைக்காரன் கண்ணில் பட்டவை

வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் நான் வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை விளையாட விடுவேன். இப்போது அதே தெருவில் மொபைல் சர்வீஸ் கடை. அப்போது டிவி முன்னால் உட்கார்ந்த பசங்களில் சிலர் இன்று தங்கள் பிள்ளையின் உடைந்த போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வந்து, "அண்ணா, இந்த கேமை எப்படியாவது தூக்கிடுங்க, புள்ளை கெட்டுப்போறான்" என்கிறார்கள். டேய், நீ என் கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய் என்று கேட்க வாய்வரைக்கும் வரும். ஆனால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு அவன் விளையாடினான், நேரம் ஆனால் எழுந்து வீட்டுக்குப் போனான். இன்றைக்கு அவன் மகன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

என் கடை ஒரு சின்ன அறைதான். முதலில் பிளேஸ்டேஷன் ஒன்று, அப்புறம் பிளேஸ்டேஷன் 2. எல்லாம் பர்மா பஜார் சரக்கு. லென்ஸ் தேய்ந்துபோன பழைய மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சிடி ஓடும். ஜாய்ஸ்டிக் குமிழின் மேல் ரப்பர் உரிந்து வெறும் பிளாஸ்டிக் தெரியும். டெக்கன் 3, டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம், கொஞ்சம் பெரிய பசங்களுக்கு வைஸ் சிட்டி. இவ்வளவுதான் சரக்கு, ஆனால் சனி ஞாயிறில் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது.

அந்தக் கடையில் பிள்ளையை நிறுத்துவதற்கு எத்தனையோ விஷயம் இருந்தது. துட்டு தீர்ந்தால் எழ வேண்டும். பின்னால் நிற்கிறவன் "எய்ந்திரு மச்சான், டைம் ஆச்சு" என்று தோளைத் தட்டுவான். இருட்டினால் அம்மாக்கள் வந்துவிடுவார்கள். ஒரு அம்மா கையில் துடைப்பத்தோடேதான் வருவார். 2012 வாக்கில் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும், அந்த நேரத்தில் எல்லாரும் தானாகவே தெருவுக்குப் போய்விடுவார்கள். இதில் எதையும் பிள்ளைகளின் நன்மைக்காக நான் ஏற்பாடு செய்யவில்லை. கடை என்றால் அப்படித்தான் இருக்கும். போனில் இதில் ஒன்றுகூட இல்லை. கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் இயல்பாக இருந்த நிறுத்தங்களை வீட்டில் நாம்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

கடை மூடிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2018-ல் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் போனுக்கு வந்தது. அதே மாதிரி ஆட்டமான ஃப்ரீ ஃபயர், விலை குறைந்த போனிலும் ஓடும் என்பதால் எங்கள் பக்கம் இன்னும் வேகமாகப் பரவியது. கொரோனா ஊரடங்கில் ஷட்டரை இறக்கினேன். ஆன்லைன் வகுப்பு என்று வீட்டுக்கு வீடு போன் வந்த நேரம் அது. டிவிகளை விற்று ஸ்க்ரூ டிரைவர் செட்டும் ஹீட் கன்னும் வாங்கினேன்.

மேசைக்கு வரும் போனைப் பார்த்தாலே அது யார் கையில் இருந்தது என்று தெரிந்துவிடும். டெம்பர் கிளாஸில் இரண்டு இடத்தில் மட்டும் வட்டமாகத் தேய்ந்திருக்கும். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் அந்த இரண்டும் சரியாகக் கட்டைவிரல்களின் கீழே வரும். இடது விரல் ஓடுவதற்கு, வலது விரல் சுடுவதற்கு. சார்ஜில் போட்டபடியே விளையாடுவதால் சார்ஜிங் பின் லொடலொடவென்று ஆடும். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். (உப்பிய பேட்டரியோடு போனைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும்.) "படிக்கிறதுக்குத்தான் வச்சிருக்கான்" என்பார் அம்மா. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் மேட்ச் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. என் கடையில் யாராவது கூப்பிட்டால் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டுப் போகலாம், ஆட்டம் அப்படியே நிற்கும். ஆன்லைன் ஆட்டத்தை அப்படி நிறுத்த முடியாது. ஃப்ரீ ஃபயரில் பொதுவாக 50 பேர் ஒரு தீவில் இறங்குவார்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். பிஜிஎம்ஐ என்று இப்போது பெயர் மாறியிருக்கும் பப்ஜியில் 100 பேர், கடைசிவரை உயிரோடு இருந்தால் அரை மணி நேரம் ஆகும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். நடுவில் ஒருவன் போனை வைத்துவிட்டால் அவனுக்கு ரேங்க் புள்ளி குறையும், மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். அந்த மூவர் பெரும்பாலும் அவன் வகுப்புப் பசங்க. மறுநாள் அவர்கள் முகத்தில்தான் அவன் விழிக்க வேண்டும்.

"சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிடும்போது அவன் "மேட்ச் ஓடிக்கினு கீதும்மா" என்று கத்துவது திமிரால் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் போனைப் பிடுங்கினால் அவன் அம்மாவிடம் மட்டும் தோற்கவில்லை, நண்பர்களையும் நட்டாற்றில் விட்டதாக நினைக்கிறான். அப்போதுதான் போன் சுவரில் பறக்கிறது, டிஸ்பிளே மாற்ற என்னிடம் வருகிறீர்கள்.

எங்கள் தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஒரு அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மகன் பக்கத்தில் சில நாள் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தால் "பூயா" என்று பெரிதாக வரும், அப்புறம் லாபி வரும், அங்கே ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் அடுத்தது தொடங்கும் என்று பிடிபட்டிருக்கிறது. அதிலிருந்து நேரக் கணக்கை விட்டுவிட்டார். "ரெண்டு மேட்ச்" என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுவார். இரண்டாவது முடிந்து லாபி வரும்போது கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவன் முனகுவான், ஆனால் கொடுத்துவிடுவான். கடையில் பின்னால் நின்று தோளைத் தட்டிய பையனின் வேலையை அந்த அக்கா எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் பார்த்த யோசனைகளில் இதைவிட நன்றாக வேலை செய்தது வேறு இல்லை. "அரை மணி நேரம்" என்ற பூட்டைப் போனில் போட்டால் அது மேட்ச் நடுவில் கதவைச் சாத்தும், மறுபடியும் அதே ரகளை.

இன்னொன்று ஸ்பீக்கர். எங்கள் வீடுகளில் எல்லாமே ஒரே அறையில்தான் நடக்கிறது, சத்தம் தொல்லை என்று நாமே இயர்போன் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். என் கடையில் இயர்போன் நன்றாக விற்கிறது, அதனால் நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனால் ஸ்குவாடில் நான்காவது ஆளாக யாரோ வந்து சேருகிறான், அவனுக்கு வயது என்ன, எந்த ஊர் என்று தெரியாது, மைக்கில் பேசுகிறான். ஸ்பீக்கரில் ஓடினால் வீடே கேட்கும், அவனும் அளவாகப் பேசுவான். கொஞ்சம் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரவு விஷயம் இதைவிடக் கடினம். போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள் என்று எழுதுகிறார்கள். படுக்கையறை என்று தனியாக ஒன்று இருந்தால் வைக்கலாம். காசிமேட்டுக்கு மீன் எடுக்க விடியலுக்கு வெகு முன்னாலேயே கிளம்பிப்போகும் அம்மா இருக்கிற வீட்டில், அந்த நேரத்திலிருந்து பள்ளிக்கூடம் கிளம்பும்வரை போனும் பையனும் மட்டும்தான். வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் ஒரு அம்மாவுக்கு இது தெரிந்தது. அவருக்கு நான் சொன்னது, ஸ்மார்ட் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டில் ஒரு பட்டன் போனை வையுங்கள் என்பதுதான். அவசரத்துக்குப் பேச அது போதும். இரவு முழுக்க வீட்டில் இருக்கிறவர்கள் என்றால் சார்ஜரை மட்டும் அம்மா தலைமாட்டுக்கு மாற்றுங்கள். போனும் தன்னால் அங்கே வந்துவிடும். விளையாட்டு நேரத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் தூக்கத்தை மட்டுமாவது காப்பாற்றிவிடுங்கள் என்பேன். நான் பார்த்தவரை தூங்கி எழுகிற பிள்ளையிடம் பேசிப் புரியவைக்க முடிகிறது.

துப்பாக்கி, ரத்தம் பற்றிப் பெற்றோருக்கு இருக்கும் பயம் எனக்கு அவ்வளவு இல்லை. என் கடையில் மல்யுத்தம் ஆடிவிட்டு வெளியே மணலில் ஒருவனை ஒருவன் தூக்கிப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் யாரும் ரவுடி ஆகவில்லை, ஒருவர் பேங்கில் இருக்கிறார். இதை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறை விளையாட்டுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறிய அளவில் தொடர்பு இருக்கிறது, ஆனால் கொலை, தாக்குதல் போன்றவற்றுக்கு அதைக் காரணமாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கத்துகிறான் என்பது உண்மைதான். நாளைக்கே கத்தியைத் தூக்குவான் என்று நினைத்து நடுங்க வேண்டாம்.

நல்லதும் இருக்கிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் சுமார் 2,000 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2022-ல் வந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விளையாடுகிறவர்கள், விளையாடாதவர்களைவிட நினைவாற்றல் சோதனையிலும் அவசரப்படாமல் கையை அடக்கும் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். விளையாட்டால்தான் அப்படி ஆனது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு மூன்று மணி நேரம் கொடுத்துவிடாதீர்கள். கெட்டது மட்டும்தான் இதில் இருக்கிறது என்று பிள்ளையிடம் பேசத் தொடங்கினால் அவன் அந்த இடத்திலேயே காதை மூடிக்கொள்வான் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு உண்மையில் பயம் தருவது காசு. என் கடையில் ஒரு பையன் கையில் இருப்பதைத் தாண்டி இழக்க முடியாது. இங்கே அப்பாவின் கணக்கே உள்ளே இருக்கிறது. ஃப்ரீ ஃபயர் ஆடுவது இலவசம், ஆனால் உடை, துப்பாக்கிக்குப் போடும் ஸ்கின் என்ற அலங்காரம் எல்லாவற்றுக்கும் டைமண்ட் என்ற கேம் காசு வேண்டும். டைமண்டுக்கு நிஜக் காசு கட்டி டாப்-அப் செய்ய வேண்டும். அதிலும் நேராக விலை போட்டு விற்பதைவிடச் சக்கரம் சுற்ற விடுவதுதான் அதிகம். சுற்றினால் என்ன விழும் என்று தெரியாது. "இன்னும் ஒரு சுத்து" என்று பிள்ளை கேட்பது அந்த அமைப்பு எதிர்பார்க்கிற பேச்சு. தினமும் உள்ளே வந்தால் பரிசு, இந்த வாரத்தோடு முடிகிறது என்று ஒரு சலுகை, மாதத்துக்கு ஒரு பாஸ். முடிகிறது என்று சொன்னதெல்லாம் வேறு பெயரில் மறுபடி வரும். இதை ஒருமுறை பிள்ளைக்கே தேதி போட்டுக் காட்டினால் பாதி வேகம் குறையும்.

ஓர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் பேங்க் கணக்கில் சிறுகச் சிறுகப் பணம் போகிறது, யாரோ திருடுகிறார்கள், 1930-க்குப் போன் போடப் போகிறேன் என்று பதறிக்கொண்டு வந்தார். சைபர் மோசடிக்கு அந்த எண் சரிதான். ஆனால் முதலில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே இருக்கும் நம் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே வாங்கியவற்றின் வரலாற்றைப் பார்த்தேன். வரிசையாக டைமண்ட். பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டு கூரையைப் பார்த்தான். யுபிஐ பின் எப்படித் தெரிந்தது என்று அப்பாவுக்கு ஆச்சரியம். பெட்ரோல் பங்கில், மளிகைக் கடையில் எல்லாம் அவன் முன்னாலேயே தட்டுகிறார், அப்புறம் தெரியாமல் என்ன செய்யும்?

இப்படி ஆனால் உடனே கூகுளிடம் பணம் திருப்பிக் கேளுங்கள். வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பின்னை மாற்றுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். பிள்ளையின் கைரேகை அப்பாவின் போனில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது இருந்தால் மற்ற பூட்டெல்லாம் வீண். அப்புறம், ஐடி, அதாவது கேம் கணக்கு, வாங்குவது விற்பது என்று ஒரு வியாபாரம் பசங்களுக்குள் ஓடுகிறது. பணத்தை அனுப்பிய பிறகு ஐடியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். இலவச டைமண்ட் தருகிறேன், ஓடிபி சொல்லு என்று வருவதும் திருட்டுத்தான். இதைத் திட்டாமல் சொன்னால், மாட்டிக்கொண்டபோது பிள்ளை நம்மிடம் வந்து சொல்வான்.

அரசாங்கம்தான் தடை செய்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. காசு கட்டி ஆடும் ரம்மி போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்ற விதி அவற்றுக்குத்தான். 2025-ல் மத்திய அரசும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. உங்கள் பிள்ளை ஆடும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் (ஃப்ரீ ஃபயரின் இன்னொரு வடிவம்) அந்தக் கணக்கில் வராது. பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தபோது எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் எல்லாரும் ஃப்ரீ ஃபயருக்கு மாறினார்கள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள், மேக்ஸுக்கு மாறினார்கள். பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்த வருஷத்தை மாற்றிப் போடுகிறான். சட்டம் வந்து போனைப் பிடுங்கும் என்று காத்திருக்க முடியாது.

பிடுங்கினால் பதிலுக்கு என்ன என்றும் கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் வடசென்னைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வியாசர்பாடியில் பந்து உதைக்காத பையன் குறைவு. சந்துக்குச் சந்து கேரம் கிளப் இருக்கிறது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். கேரம் கிளப்புக்குப் போனால் உருப்படமாட்டாய் என்று எங்களையும் அந்தக் காலத்தில் அடித்தவர்கள் உண்டு, அதையும் நினைத்துப் பார்க்கிறேன். வெளியே வெளிச்சத்தில் தினமும் விளையாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்றும் கண் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் மைதானம் என்று நாம் சொல்லும்போது பையன்களை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறோம். ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண் பிள்ளையைச் சாயங்காலம் வெளியே விடுவதில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே தெரு அந்தப் போன்தான். என் மேசைக்கு வரும் போன்களில் பெண் பிள்ளைகளின் ஃப்ரீ ஃபயர் ஐடியும் நிறைய பார்க்கிறேன், பலர் பையன் பெயரில் ஆடுகிறார்கள். "இன்னா தம்பி, நல்லா ஆடுறியே" என்று யாரோ பேசினால் மைக்கை அணைத்துவிடுவேன் என்று ஒரு பெண் சொன்னாள். அவளிடம் போனைப் பிடுங்குவதற்கு முன்னால் அவளுக்கு வேறு என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அவள் அம்மாவிடம் கேரம் கிளப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் பதில் வரவில்லை.

கடைசியாக, கைமீறிப் போனவர்கள். விளையாட்டை நிறுத்த முடியாமல் போவதை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் பட்டியலில் சேர்த்தது, 2022-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நிறைய நேரம் விளையாடினாலே நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுத்த நினைத்தும் முடியாமல், சாப்பாடு, படிப்பு, ஆட்கள் எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகி, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, பொதுவாக ஒரு வருஷ அளவுக்கு. கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் எங்கள் பக்கம் பயப்படுவார்கள், ஏனென்றால் மனநல டாக்டர் என்றாலே கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் செய்கிற ஊர் இது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகவும் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

டாக்டரிடம் போகும் முன்பு ஒன்று. கோபத்தில் என்னிடம் வந்து "எல்லாத்தையும் அழிச்சிடுங்கண்ணா" என்று போனை ரீசெட் போடச் சொல்கிறார்கள். போடாதீர்கள். செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும். எந்த ஆப், எத்தனை மணி நேரம், எந்தெந்த நாளில் என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள் போகவில்லை, எப்போதிலிருந்து இப்படி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பதே இதைத்தான்.